முப்பத்தேழு தலைகளுக்கு ஒரு ஜாக்கெட்

1

“இது நீ இல்லையே, தம்பி.”

மேற்பார்வையாளர் என் ஹால் டிக்கெட்டை என் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையாகச் சொல்கிறார். மணி ஒன்பது நாற்பத்திரண்டு. பத்துக்குக் கேள்வித்தாள் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பின்னால் என் வகுப்புப் பையன்கள் முப்பத்தாறு பேர் ஒட்ட வெட்டிய தலையோடு வரிசையில் நிற்கிறார்கள். பொதுத்தேர்வின் முதல் நாள். அது வேறொரு பள்ளிக்கூடம். கூட வந்த பி.டி. சாரைத் தவிர எங்களைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

“நான்தான் மேடம்.”

“அப்ப இது யாரு?”

எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

(இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும்.)

2

இந்தக் கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ் ஐயா நேற்று என்னைக் கூப்பிட்டு, “நடந்ததை அப்படியே எழுதிக் குடு, லீடர். ஆண்டு மலர்ல போடுவோம். நீ பண்ணது சாதாரணக் காரியமா?” என்றார். காலையில் முதல் பீரியடில் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அவர் சொன்னதில் ‘அப்படியே’ என்பதும் ‘நீ பண்ணது’ என்பதும் ஒரே கதையில் எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை.

மூன்று தொடக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

‘கொடிய நோய் ஒன்று உலகையே உலுக்கிய காலத்தில்…’ (உலகத்தை எனக்குத் தெரியாது. எங்கள் தெரு மட்டும்தான் தெரியும்.)

‘அன்று கண் விழித்தபோதே என் உள்ளத்தில் ஓர் உறுதி…’ (கண் விழித்ததும் வாந்தி எடுத்தேன்.)

‘நெருக்கடியான அந்த நேரத்தில் என் மூளையில் ஒரு மின்னல்…’ (இது பெரிய பொய். எவ்வளவு பெரியது என்பதை ஏழாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரைக்கும் என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.)

3

ஊரடங்கில் எல்லாக் கடையும் மூடியபோது அப்பாவின் முடிதிருத்தும் கடையும் மூடியது. அதனால் ஊரில் எல்லோருக்கும் முடி வளர்ந்தது. எனக்கு நெற்றி மறைந்து, காது மறைந்து, கடைசியில் ஒரு கண்ணும் மறைந்தது. “கடைக்காரன் பிள்ளைக்கே இந்தக் கோலம்னா மத்தவன் கதி என்ன?” என்று அம்மா திட்டினாள். அப்பாவுக்கு வீட்டில் கத்திரி எடுக்கவே மனம் வரவில்லை. கடை திறக்கும்போதுதான் தொடுவேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோவும் மூடிக் கிடந்தது. எங்கள் பள்ளி ஆபீஸ் கிளார்க் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆன்லைன் வகுப்பு நடக்கும்போது, “எல்லாரும் கேமராவப் பாருங்கப்பா. ஒண்ணு, ரெண்டு…” என்றார். மூன்று வருவதற்குள் நெட் நின்றுவிட்டது. அவர் எப்போது படம் பிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. மங்கலான வெளிச்சத்தில், தலை கொள்ளாத முடியோடு, முப்பத்தெட்டு முகங்கள். ஒருத்தன் கொட்டாவி விடுகிறான். ஒருத்தன் வாயில் பாதி பிஸ்கட். நான் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹால் டிக்கெட்டில் அச்சாகி வந்தது அதுதான்.

4

பள்ளி திறந்த அன்று வாசலில் பி.டி. சார் நின்றார். எங்கள் பள்ளி ஆண்கள் பள்ளி. சட்டை உள்ளே இருக்க வேண்டும், ஷூ கறுப்பாக இருக்க வேண்டும், முடி காதையும் காலரையும் தொடக் கூடாது. சார் இரண்டு விரலால் உச்சி முடியைப் பிடிப்பார். விரலுக்கு மேலே முடி எட்டிப் பார்த்தால் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திருப்பி அனுப்புகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதுவது வகுப்புத் தலைவன் வேலை. அதாவது என் வேலை. முந்தின நாளே அப்பா கடை திறந்துவிட்டதால் என் தலை தப்பித்தது.

முதல் நாள் நோட்டில் இருபத்தொன்பது பெயர். மூன்றாம் நாள் நான்கு. ஐந்தாம் நாளிலிருந்து ஒன்றே ஒன்று. அவனை எல்லோரும் புதர் என்றுதான் கூப்பிடுவோம். முடி வளர்வதற்கு முன்னாடியே அதுதான் அவன் பெயர், ஏன் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

“வெட்டிக்கிட்டு வான்னு எத்தன வாட்டிடா சொல்றது?”

“சார், ஹால் டிக்கெட் போட்டோல முடி இருக்கு சார். வெட்டிட்டா ஆளே மாறிடும் சார். பரீட்ச முடிஞ்ச அன்னிக்கே வெட்டிடறேன்.”

“அப்ப அந்தப் போட்டோவுக்கும் சேத்து வெட்டு!”

வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் பெயரை எழுதினேன். பதினொரு நாள் எழுதினேன். பதினொரு நாளும் அவன் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்து போனான். பரீட்சைக்கு முந்தைய முக்கியமான பாடங்கள் எல்லாம் அந்தப் பதினொரு நாளில்தான் நடந்தன.

5

அப்பா கடையில் அந்த வாரம் நிற்க இடம் இல்லை. பள்ளி விட்டதும் என் வகுப்பே அங்கேதான் உட்கார்ந்திருந்தது. அப்பா போர்வையை உதறிக் கழுத்தில் கட்டுவார், மெஷினில் சின்னச் சீப்பை மாட்டுவார், பின்கழுத்திலிருந்து மேலே ஒரே ஓட்டம். தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளுவது நான். ஒவ்வொருத்தனும் கண்ணாடியைப் பார்த்து, “டேய், எனக்குக் காது இருக்குடா!” என்பான். மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வெட்டினார்.

“முப்பத்தேழு பேர் வந்துட்டாங்க. இன்னொருத்தன் எங்கடா?”

“புதரா? அவன் வரமாட்டான்ப்பா. போட்டோ அது இதுன்னு கத விடறான்.”

அப்பா மெஷினை நிறுத்தினார். “கதையா? அவன் சொல்றதுல என்னடா தப்பு? முடிதானே, பத்து நாள் கழிச்சு வெட்டுனா என்ன குடி முழுகிடும்?”

முடி வெட்டிப் பிழைக்கிறவர் சொன்னது இது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

6

இந்தப் பகுதியில் பி.டி. சாரைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அடுத்த பகுதியில் அவர் செய்கிற காரியத்துக்குப் பிறகு அது நிற்காது. எடுத்துவிட்டேன். பகுதியின் எண்ணை மட்டும் விட்டுவைக்கிறேன்.

7

மறுபடியும் தேர்வுக்கூட வாசல். ஒன்பது நாற்பத்திரண்டு.

“எல்லாம் எங்க பசங்கதான் மேடம். நான் சொல்றேனே!” என்றார் பி.டி. சார்.

“நீங்க சொன்னா போதாது சார். உங்க ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். இல்லன்னா படமும் முகமும் பொருந்தணும். எனக்கு அப்படித்தான் உத்தரவு.”

எங்கள் தலைமையாசிரியர் இன்னொரு மையத்தில் மேற்பார்வைக்குப் போயிருந்தார். அங்கே போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பி.டி. சார் நாலு தடவை அடித்துப் பார்த்தார். அவர் போட்டிருந்த கறுப்பு ஜாக்கெட்டின் காலர்கூட வியர்வையில் நனைந்துவிட்டது.

(முதல் பிரதியில் மேற்பார்வையாளரை ராட்சசி மாதிரி எழுதியிருந்தேன். அது நியாயம் இல்லை. அவருக்கு அதுதான் முதல் மேற்பார்வை. தப்பான ஆளை உள்ளே விட்டால் வேலை போய்விடும்.)

அப்போது வரிசையின் கடைசியில் புதர் வந்து சேர்ந்தான். ஓடி வந்ததில் முடி நாலு பக்கமும் பறந்து கிடந்தது. மேற்பார்வையாளர் அவன் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்பாடா, இவன் இவனேதான்! நீ உள்ள போ கண்ணு.”

பதினொரு நாள் வாசலிலேயே நின்றவன் எங்கள் எல்லோரையும் தாண்டி உள்ளே போனான். காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் தன் இடத்தில் உட்கார்ந்தான். ‘அனுபவிங்கடா’ என்று சிரிப்பான் என நினைத்தேன். அவன் இடத்தில் நான் இருந்தால் சிரித்திருப்பேன். அவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கதவுப் பக்கம் வந்தான். முகக்கவசத்தை மறுபடி மாட்டியிருந்ததால் அவன் பேசுவது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

“லீடர், முடி இல்லாததுதானே பிரச்சன? சாரோட ஜாக்கெட் கறுப்புதானே? அதத் தலைல போட்டுக் காட்டுங்கடா.”

நான் திரும்பிக் கத்தினேன்: “சார்! உங்க ஜாக்கெட்டத் தலைல போட்டுக் காட்டலாம் சார்!”

கத்தியது நான். யோசித்தது நான் இல்லை. பெரிய பொய் இதுதான்.

8

பி.டி. சார் என்னை முறைத்தார். ‘என்கிட்டயே விளையாடறியா’ என்கிற முறைப்பு. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சர்ரென்று ஜிப்பை இறக்கி ஜாக்கெட்டைக் கழற்றினார்.

நெற்றி பாதி மூடுகிற மாதிரி என் தலையில் சுற்றினார். “மேல பாருடா, போட்டோல மேலதானே பாக்கற!” நான் இல்லாத மின்விசிறியைப் பார்த்தேன். மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அட… ஆமா! இவன்தான்!”

பிறகு நடந்ததை எந்த வேகத்தில் எழுதினாலும் அந்த வேகம் வராது. ஒன்பது நாற்பத்தேழு. “அடுத்தவன்! நீ கொட்டாவி விடு. நல்லா பெருசா விடு!” “உன் பிஸ்கட் எங்கடா?” “பசிக்குதுன்னு பஸ்லயே தின்னுட்டேன் சார்.” “அப்ப கன்னத்த உப்பிக் காட்டு!” மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்க முடியாமல் ஹால் டிக்கெட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து அறை வாசலில் நின்ற பியூன் ஓடி வந்து எங்களை வரிசைப்படுத்த ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது எந்தப் பிரதியிலும் மாறாது. யாருக்கு எப்படி முடி என்று தெரிந்துகொள்ள சார் யாருடைய படத்தையும் பார்க்கவில்லை. “இவனுக்கு வலது வகிடு மேடம்.” “இவனுக்கு முன்னாடி ஒரு சுருள் விழும்.” “இவன் முடி கம்பி மாதிரி நிக்கும், படியாது.” ஒவ்வொருத்தன் தலையிலும் துணியை அந்த மாதிரியே மடித்து, இழுத்து, தூக்கி வைத்தார். வாசலில் எங்களைத் திருப்பி அனுப்பிய அதே இரண்டு விரல்தான். இத்தனை நாளாக எங்கள் முடியை எங்களைவிட அவர்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்.

ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு முப்பத்தேழாவது ஆள் உள்ளே போனான். மணி அடித்தது. கேள்வித்தாள் கைக்கு வந்தபோது எங்கள் எல்லோர் தலையிலும் ஒரே வியர்வை வாசனை. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பி.டி. சார் வராந்தாவில் கசங்கிய ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கிரிக்கெட்டில் ஜெயித்த பையன் மாதிரி, காற்றில் ஒரு குத்து விட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

முப்பத்தெட்டு பேரும் எழுதினோம். ஒருவர்கூட விடுபடவில்லை.

9

நேற்றுக் காலை பிரார்த்தனைக் கூட்டம். தலைமையாசிரியர் மைக்கில் இரண்டு விஷயம் சொன்னார். மிச்சப் பரீட்சைகளுக்கு அவரே கையெழுத்துப் போட்ட கடிதம் வரும். இனி முடிக்காக யாரையும் வாசலில் திருப்பி அனுப்பக் கூடாது. “பாடத்துக்கு வர்ற பையனத் திருப்பி அனுப்பிட்டு அப்புறம் யாருக்குய்யா பாடம் நடத்தறது?” என்றார். மைதானம் அதிர்ந்தது. பி.டி. சாரும் தலையாட்டினார்.

அதன் பிறகு, “அந்த ஜாக்கெட் யோசன யாருதுய்யா?” என்று கேட்டார்.

“நம்ம லீடர்தான் சார்” என்றார் பி.டி. சார். அவர் காதில் விழுந்தது என் குரல் மட்டும்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் மேடைக்குப் போய், வாயைத் திறந்து, ‘சார், அது வந்து…’

இங்கிருந்து மூன்று முடிவு எழுதினேன்.

முதல் முடிவில் மைக்கை வாங்கி உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் புதரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறார்கள். அருமையான முடிவு. நடக்கவில்லை.

இரண்டாவதில் கூட்டம் முடிந்ததும் அவனைத் தேடிப் போய், “மன்னிச்சுடுடா” என்கிறேன். இதுவும் நடக்கவில்லை. சைக்கிள் நிறுத்தத்தைச் சுற்றி வேறு வழியாக வகுப்புக்குப் போனேன்.

மூன்றாவதுதான் நடந்தது. கைதட்டல் ஓயும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் ஐயாவிடம் கொடுக்கப் போவது இந்தக் காகிதங்களைத்தான். ஏழாம் பகுதியை எடுக்காமல் கொடுக்கப் போகிறேன். அதைத் தமிழ் ஐயா படிப்பார், பி.டி. சார் படிப்பார், பள்ளிக்கூடமே படிக்கும். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், கேட்டுக்கொள்ளுங்கள், பேனாவை மூடப் போகிறேன், எழுதியதில் எதையும் அடிக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் எனக்கு எழுதத் தெரியவில்லை. மேடையிலிருந்து பார்த்தேன். பதினொரு நாளுக்குப் பிறகு புதர் உள்ளே, எங்கள் வகுப்பு வரிசையில், காற்றில் பறக்கும் முடியோடு நின்றுகொண்டிருந்தான். யோசனை யாருடையது என்று அந்த மைதானத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். எல்லோரும் கைதட்டுவதை நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினான். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். கேலியோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. ஏதோ அவனே மேடையில் நிற்கிற மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

பதினொரு நாள் அவன் பெயரை எழுதிய எனக்காக, அவன் எதற்கு அப்படி விசிலடித்தான்?