மைதானம் முழுக்க வெள்ளை

நியேவெஸ் பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றினாள். அவர் முகத்தைத் திருப்பி ரேடியோவைப் பார்த்தார். சத்தம் போதவில்லை என்று அர்த்தம். சாகப்போகிற நேரத்திலும் மனிதருக்குப் பந்தாட்டம்தான். அவள் எழுந்து சத்தத்தைக் கூட்டினாள்.

லீக்கின் கடைசி ஞாயிறு அது. சான் தெல்மோ தோற்றால் முதல் பிரிவிலிருந்து கீழே போய்விடும். கோப்பைகளை அடுக்கி வைக்க இடமில்லாமல் தனிக் கட்டடம் கட்டிய கிளப். இந்த ஒரே பருவத்தில் மூன்று பயிற்சியாளர்களைத் துரத்தியிருந்தது. நல்ல கோல்கீப்பரை விற்றுவிட்டது. துறைமுகத்தில் இருக்கிற மதுக்கடைகளிலெல்லாம் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வீட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் அப்பாவும் மகனும்.

கிளப்பின் தலைவர் அப்பாவின் தெருக்காரர். இரண்டு பேரும் ஒரே சந்தில் பந்து உதைத்தவர்கள். தேர்தல் வந்தபோது, கிரேன் ஓட்டிக் களைத்த உடம்போடு அப்பா எலாதியோ படியேறிப் படியேறி அவருக்கு ஓட்டுக் கேட்டார். பருவம் நாறத் தொடங்கிய பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. பயிற்சியாளர் சரியில்லை, புல் சரியில்லை, நடுவர் சரியில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். தலைவர் சரியில்லை என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை.

குளிர்காலத்தில், பேர் தெரியாத ஒரு ஊர் அணியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். ஜனம் எழுந்து நின்று, தலைவரின் மாடத்தைப் பார்த்து வெள்ளைக் கைக்குட்டையை வீசியது. நீ வேண்டாம், போ என்று சொல்வதற்கு இந்த நாட்டில் அதுதான் வழி. கத்தக்கூடத் தேவையில்லை. அப்பாவின் பக்கத்து இருக்கையில் மகன் ஃபெர்மினும் எழுந்து வீசினான். உட்காருடா என்றார். அவன் உட்காரவில்லை. இனிமேல் என் பக்கத்தில் உட்காராதே என்று சொல்லிவிட்டு ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார். அன்றைக்கு ஆளுக்கொரு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

நுரையீரல் படுத்தியபோதும் இல்லை. மைதானத்தில் அப்பாவின் இருக்கை காலியாகவே கிடந்தது. அதன் பக்கத்தில் ஃபெர்மின் ஞாயிறு தவறாமல் போய் உட்கார்ந்திருந்தான். நியேவெஸ் நடுவில் தூது போய் அலுத்தாள். அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றார் இவர். அவர் கூப்பிட்டால் வருகிறேன் என்றான் அவன். இரண்டும் ஒரே அச்சு.

இன்று காலை நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். நியேவெஸ் உடனே தம்பிக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்குத் தாண்டாதுடா. வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போ."

"மேட்ச் முடிஞ்ச உடனே வரேன்க்கா."

"அவர் மூச்சு உன் மேட்சுக்காகக் காத்திருக்குமா?"

 "நான் வந்து நின்னு, அவர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா என்ன பண்றது?" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். அந்தக் கிளப் நாசமாய்ப் போகட்டும் என்று அப்போதுதான் அவள் முதல்முறையாக நினைத்தாள். சாயங்காலத்துக்குள் அதுவே பலித்தது.

முதலில் சான் தெல்மோதான் கோல் போட்டது. அப்பாவின் விரல்கள் போர்வைமேல் அசைந்தன. இடைவேளைக்குப் பின் எதிரணி சமன் செய்தது. கடைசிக் கட்டத்தில் இன்னொன்றும் போட்டது.  ரேடியோக்காரன் யாரோ வீட்டுச் சாவைச் சொல்வது போன்ற குரலில் சொன்னான்: எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், மைதானம் முழுக்க வெள்ளை, இப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"கைக்குட்டை," என்றார்.

இரண்டு நாளாகப் பேசாதவர் பேசிவிட்டார் என்று நியேவெஸ் ஓடிப்போய் இழுப்பறையிலிருந்து இஸ்திரி போட்ட ஒன்றை எடுத்து வந்தாள். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. துடைத்தாள். அவர் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். இன்னும் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று தாடையையும் துடைத்தாள். அவர் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. கை போர்வையை விட்டு ஒரு சாண் எழும்பியது, இப்படியும் அப்படியும் ஆடியது, விழுந்தது. நடுக்கம் என்று நினைத்து அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். அவர் அவளையே பார்த்தார். சலிப்போடு பார்த்த மாதிரி இருந்தது. ரேடியோ மற்ற மைதானங்களின் கோல்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

ரேடியோவை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. தலைவர் ராஜினாமா செய்துவிட்டார் என்பதையும் அதுதான் சொன்னது.

எதிர்வீட்டு ஒப்துலியா வந்து ரேடியோவை அணைத்தாள். ஆஸ்பத்திரி வார்டில் ஆயுசைக் கழித்தவள். கண்ணை மூடிவிட்டாள், தலையணையைச் சரிசெய்தாள், அடக்கம் செய்யும் கம்பெனிக்கு அவளே போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, வர நேரமாகும் என்றார்களாம்.

வெளிச்சம் மங்கும்போது ஃபெர்மின் வந்தான். பஸ் ஓடவில்லை, மைதானத்திலிருந்து நடந்தே வந்திருந்தான். கழுத்தில் கிளப் துண்டு, கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. வாசலிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு அழவும் வேண்டியிருந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை.

"என்னைக் கேட்டாரா?"

பொய் சொல்லலாம். ஒரே ஒரு 'ஆமா' போதும். ஆனால் இவன் கேட்டுக்கொண்டே இருப்பான், என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று. பொய்யைக் கட்டிக் காப்பாற்ற அவளிடம் தெம்பில்லை.

"கேக்கல. கைக்குட்டைதான் கேட்டார்."

"எப்போ?"

"கடைசியில. மைதானமே வெள்ளையா இருக்குன்னு ரேடியோல சொன்னப்போ. எச்சில் துடைக்கத்தான்னு நினைச்சு நான் துடைச்சுவிட்டேன். அவர் பிடுங்கிக்கிட்டார். கை இப்படி…"

தன் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். பாதி ஆட்டத்தில் கை நின்றுவிட்டது. தான் எதைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஃபெர்மின் அப்பாவின் மூடிய கையைப் பார்த்தான். விரலிடுக்கில் வெள்ளைத் துணியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் வந்திருந்தா…" என்று ஆரம்பித்தான். 

ஒப்துலியா அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாடையைக் கட்டணும் பொண்ணே. அவங்க வர்ற வரைக்கும் விட்டா விறைச்சு அப்படியே நின்னுடும். ஒரு துணி குடு." அவர் கையிலிருப்பதைப் பார்த்துவிட்டு, "அதை இழுக்காதே. வராது," என்றாள்.

நியேவெஸ் இழுப்பறையைத் திறந்தாள். காகிதக் கைக்குட்டைப் பெட்டிகள் மட்டும் இருந்தன. துணியில் மிஞ்சியிருந்தது அப்பாவின் கையிலிருந்த அந்த ஒன்றுதான்.

ஃபெர்மின் கால்சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தான். கசங்கி, வியர்வையில் நனைந்திருந்தது. வீட்டில் வேறு நல்ல துணி இல்லையா என்று ஒப்துலியா முணுமுணுத்தாள். அவன் காதில் வாங்கவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு, தொடையில் விரித்து நீவி, மூலைக்கு மூலை மடித்தான். நியேவெஸ் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். தாடைக்கு அடியில் கொடுத்து, காதோரமாய் இழுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டான். துணி அளவு போதாததால் முடிச்சு இறுகலாக விழுந்தது. வாய் மூடிக்கொண்டது.

முடிச்சின் இரண்டு முனைகளும் உச்சந்தலையில் நிமிர்ந்து நின்றன. ஃபெர்மின் அவற்றை விரலால் அமுக்கிவிட்டான். கையை எடுத்ததும் மறுபடி நிமிர்ந்தன. மறுபடி அமுக்கினான்.