சாட்சிக் கையெழுத்து

மருந்துப் பவுடரைக் காய வைக்கும் டிரையரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டுக்கு டிரையர்காரர் கண்ணைக்கூட மூடவில்லை. பத்தொன்பது வருஷமாக அடிக்கிற சூடு, அதற்கென்ன மரியாதை. மேல் தட்டை அரை அடி வெளியே இழுத்தார். கரண்டி நுனியில் துளிப் பவுடர் எடுத்து, உறை போட்ட இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். நறுக்கென்று சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும். மாவு மாதிரி வழுக்கினால் காய்ந்து கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். சத்தம் வந்தது. சுவிட்சை அணைத்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று வக்கீல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் என்றால் கொலைக் கேசு வக்கீல் இல்லை. மருந்துக்கும் ரசாயனத்துக்கும் பேட்டண்ட் வாங்கித் தருகிறவர். கம்பெனி புதிதாக ஒன்று செய்தால், இருபது வருஷத்துக்கு வேறு எவனும் அதைத் தொடக் கூடாது என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்குவது அவர் தொழில். இதே லேபில் மூன்று வருஷம் கெமிஸ்டாகக் குப்பை கொட்டியவர்தான். கெமிஸ்டு என்று பேர், அடுப்பு மூட்டினால் கை சுடும். ஒரு தடவை ஒரு பேட்ச் முழுவதையும் கருக்கிவிட்டு டிரையருக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார். தெர்மோமீட்டர் கோளாறு என்று மேலே சொல்லி அவர் வேலையைக் காப்பாற்றியது டிரையர்காரர். "சாகிற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே" என்றார் அன்றைக்கு. செய்யத் தெரியாத மனுஷன், மற்றவன் செய்ததை எழுதப் போனார். சட்டம் படித்தார், பரீட்சை பாஸ் பண்ணினார். இப்போது அவர் கார் வந்தால் வாட்ச்மேன் எழுந்து நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறான்.

இவ்வளவு அமர்க்களமும் ஒரு மூட்டுவலி மாத்திரைப் பவுடருக்காக. இரண்டே மாதத்தில் டின்னுக்குள் கல்லாகக் கட்டிக்கொள்ளும் சனியன் அது. லேபுக்குத் தலைமை விஞ்ஞானி ஒருவர் உண்டு, டாக்டர் பட்டம் வாங்கியதால் எல்லோருக்கும் டாக்டர். ஒன்பது மணி நேரம் காய வை என்பார். ஆறு மணி நேரத்தில் நிறுத்தினால் கட்டாது என்று டிரையர்காரர் சொன்னபோது, உனக்கு வீட்டுக்குப் போக அவசரம் என்று சிரித்தார். இவர் தன்பாட்டுக்கு ஆறு மணி நேரத்தில் ஒரு பிடி எடுத்து, பாட்டிலில் போட்டு, லாக்கருக்கு மேல் வைத்துவிட்டார். ஒரு வருஷம் கழித்தும் பவுடர் மணல் மாதிரி ஓடியது. டாக்டர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய் மெஷினில் சோதித்தார். ஒவ்வொரு துகளுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறதாம், அதுதான் கட்டாமல் காக்கிறதாம். பழைய பேட்டண்ட் இரண்டு வருஷத்தில் முடிகிறது. இதைக் காட்டிப் புதிது வாங்கினால் இருபது வருஷம். அதே மாத்திரை, அதே வலி, அதே விலை.

நோட்டீஸ் போர்டில் ஒரு மஞ்சள் காகிதம் தொங்கியது. பேட்டண்டில் கண்டுபிடித்தவராகப் பெயர் வரும் ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. இதுவரை ஒருத்தன் பெயரும் வந்ததில்லை. டிரையர்காரருக்கு வயது ஐம்பத்தாறு. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற வேலை, இந்த மாதக் கடைசியில் முடிகிறது. இந்தத் தடவை சந்தேகம்தான் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தான்.

"மெஷின்கிட்ட பேசுற வாய், மனுஷங்ககிட்டயும் பேசட்டும். போய்க் கேளுங்க" என்று பெண்டாட்டி விரட்டியிருந்தாள்.

கேட்டார். பேட்டண்டில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னதை வக்கீல் நேராக மறுக்கவில்லை. குளிர் அறையில் உட்கார வைத்து, டாக்டரின் லேப் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே, பெரியவரே?"

அண்ணன் எப்போதோ பெரியவராகியிருந்தார்.

"ஆமா. சாயங்காலம் ஆனா டாக்டர் கூப்பிட்டுப் போடச் சொல்வாரு. மத்தவங்க அஞ்சு மணிக்கே கெளம்பிடுவாங்க, நான்தான் இருப்பேன்."

"கீழ இருக்கிற வரியைப் படிங்க."

பொடி எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்த வேலையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, நான் சாட்சி மட்டுமே என்று இருந்தது. அதற்குக் கீழே அவர் கையெழுத்து, வளைத்து வளைத்து, அழகாக.

"நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நான் என்ன பண்ண முடியும்?"

"பாட்டில்ல எடுத்து வச்சது நான். நறுக்குனு கேக்குற சத்தம் டாக்டர் காதுக்கு இன்னிவரைக்கும் எட்டல."

"அதை விடுவேனா?" வக்கீல் தன் காகிதத்தைப் புரட்டி, ரசித்துப் படித்தார். இத்தொழிலில் சாதாரணத் திறமை உள்ள எவரும் விரலால் நசுக்கியே இதை அறியலாம். "இதுல வர்ற ஆள் யாரு? நீங்கதான்."

டிரையர்காரர் லேப் நோட்டை மூடி அவர் பக்கமே தள்ளினார். "அந்தக் கருகின பேட்ச் ஞாபகம் இருக்கா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல இருக்கா?"

இல்லை. இருந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டதே டிரையர்காரர்தான்.

மாதக் கடைசி நாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக் கூடினார்கள். கண்டுபிடித்தவர்கள் நாலு பேர். டாக்டர், மேனேஜர், மேனேஜருக்கு மேலே ஒருவர், போட்டோவுக்கு நிற்க மட்டும் ஒரு நாள் லேபுக்கு வந்து டிரையர் கதவைத் தப்பான பக்கம் இழுத்த ஒருவர். நாலு பேரும் போட்டு முடித்ததும் சாட்சிக்கு ஆள் தேடினார்கள். தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு அழைப்பு வந்தது.

"அண்ணே, வாங்க. இங்க ஒண்ணே ஒண்ணு" என்றார் வக்கீல். அவர் முழங்கைக்கு அடியில் இன்னொரு காகிதம் இருந்தது. அடுத்த பதினோரு மாதத்துக்கான ஒப்பந்தம்.

இந்தத் தடவை டிரையர்காரர் ஒரு வரி விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தார். டாக்டர் இரண்டு முறை வாட்சைப் பார்த்தார். போட்டோவுக்கு நின்றவர் கொட்டாவி விட்டார். படித்து முடித்து, பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டார். வழக்கமான வளைவுகள் இல்லை, வெறும் கோடு.

கையை எடுக்கும்போது சட்டைக் கையின் மடிப்பிலிருந்து கொஞ்சம் பவுடர் நாலு பெயர்களின் மேலும் உதிர்ந்தது. வக்கீல் நாக்கால் உச்சுக் கொட்டினார். காகிதத்தின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கி, குப்பைக் கூடைக்கு மேல் சாய்த்து, பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார்.

பவுடர் மணல் மாதிரி ஓடி விழுந்தது. ஒரு துகள்கூட ஒட்டவில்லை.