மூணுசுழி

முகூர்த்த நாள் வந்தால் மதுரை பிரஸ்காரர்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. பரவையில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவன் தன்னால் முடியாத வேலையை ஆரப்பாளையத்துக் கடைக்குத் தள்ளிவிடுவான். அப்படி வந்த ஓர் ஆர்டரைத்தான் அந்த ஆரப்பாளையத்துக் கடையில் டிசைன் போடுகிற தமிழ்வாணி அன்று காலை கம்ப்யூட்டரில் திறந்தாள். அஞ்சலி போஸ்டர். நடுவில் அவள் அண்ணன் மருதுவின் போட்டோ. கீழே, 'சாலை விபத்தில் அகால மரணமடைந்த' என்று வாசகம்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என்ன தங்கச்சி, இம்புட்டுக் காலையில?" வாய் நிறைய இட்லியோடு பேசினான் மருது.

போன உயிர் திரும்பி வந்தது. "சும்மாதாண்ணே, நீ சாப்பிடு" என்று வைத்துவிட்டாள். இட்லி தின்றுகொண்டிருக்கிறவனுக்கு எவன் அஞ்சலி செலுத்துகிறான்?

மருது யூனியன் சேர்மனிடம் கார் ஓட்டியவன். கண்மாயை மூடி பிளாட் போட்டதற்காக அந்தச் சேர்மன்மீது வழக்குப் போட்ட நல்லகாமனை லாரி ஏற்றிக் கொன்றார்கள். விபத்து என்று எழுதி முடித்தார்கள். "ஏத்திரு" என்று சேர்மன் போனில் சொன்னதை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டவன் மருது. நாளை கோர்ட்டில் அதைச் சொல்லப் போகிறான். அதுவரை திருப்பரங்குன்றத்து லாட்ஜ் ஒன்றில், சோலை என்ற பெயரில், ஆசையாய் வளர்த்த மீசையையும் மழித்துவிட்டு ஒளிந்திருந்தான். அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று தமிழ்வாணி. இன்னொன்று அவள் புருஷன் விக்ரம்.

கண்மாய் மீட்புக் குழுவை நடத்துகிறவனே விக்ரம்தான். "நான் பாத்துக்கிறேன் மச்சான்" என்று லாட்ஜ் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

போஸ்டரின் அடியில் 'இவண்: கண்மாய் மீட்புக் குழு' என்றிருந்தது. அடப்பாவிகளா, ஆளைக் கொல்லுமுன்னே போஸ்டரா! கூட இருந்தவர்களே விபத்து என்று ஊர் பூராவும் ஒட்டிவிட்டால், அப்புறம் எந்தப் போலீஸ் கேள்வி கேட்கும்? சேர்மன் ஆட்கள்தான் குழுவின் பெயரைத் திருடியிருக்கிறார்கள் என்று கொதித்துக்கொண்டு, விக்ரமுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். அப்போதுதான் தலைப்பைப் படித்தாள்.

'கன்னீர் அஞ்சலி.'

கை அப்படியே நின்றது. குழு நோட்டீஸ் அடிக்க விக்ரம் இந்தக் கடைக்கு முதன்முதலில் வந்தபோதும் 'ண' வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'ன'தான் போட்டிருந்தான். "கண்ணீருக்கு மூணு சுழி சார்" என்று இவள் சிரிக்க, அவன் மறுநாளும் வேண்டுமென்றே தப்பாக எழுதிக்கொண்டு வந்தான். அந்தச் சுழியில்தான் காதல், கல்யாணம் எல்லாம். இன்றுவரை அவளை 'மூணுசுழி' என்றுதான் கூப்பிடுகிறான். சுழியை மட்டும் திருத்திக்கொள்ளவே இல்லை. அவள் இருக்கிற கடையை ஒதுக்கிவிட்டுப் பரவைவரை போய்க் கொடுத்திருக்கிறான், சேர்மனிடம் விலைபோன படுபாவி.

மறுபடி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"மாப்ள கீழ வந்துட்டாரு. இங்க இருந்தா ஆபத்தாம், வேற இடத்துக்குப் போறோம்."

"கார்ல ஏறாதண்ணே."

"கிறுக்குப் புடிச்சிருச்சா? வந்திருக்கது உம்புருசன்டி."

"அண்ணே, உனக்குப் போஸ்டர் அடிக்க வந்திருக்கு. எழுதிக் குடுத்தது அவருதான்."

சேர்மனிடம் வேலை பார்த்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"பின்பக்கம் படி இருக்குல்ல? தெரு பூரா கல்யாணக் கூட்டம், அதுக்குள்ள போயிரு. நேரா நம்ம கேஸ் வக்கீல் வீட்டுக்குப் போ" என்றாள்.

அதன்பிறகு அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. ஒருவழியாக மருதுவின் போன் வந்தது. "வக்கீலய்யா பக்கத்துலதான் இருக்கேன் தாயி." அண்ணன் பிழைத்துவிட்டான். இனி அழலாம் என்று நினைத்தபோது விக்ரம் கூப்பிட்டான்.

"மூணுசுழி, உங்கண்ணனை ரூம்ல காணோம். எனக்குப் பதறுது. உங்கிட்ட எதுவும் சொன்னாரா?"

அந்தப் பதற்றம் அவ்வளவு நிஜமாக இருந்தது. ஒருவேளை தான்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை. அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று மனசு கெஞ்சியது. சரிபார்க்கிற புரூஃபை ஆர்டர் கொடுத்தவனுக்கே அனுப்பச் சொல்லிப் பரவைக்காரன் கொடுத்த நம்பர் அவளுக்குத் தெரியாத நம்பர். 'கன்னீர்' என்பதைக் 'கண்ணீர்' ஆக்கினாள். கம்ப்யூட்டரிலிருந்தே அந்த நம்பருக்குத் தட்டிவிட்டாள்.

காதில் வைத்திருந்த போனில், விக்ரமின் பக்கம், 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"மூணு சுழி போடணும்ங்க," என்றாள். "எத்தன தடவ சொல்றது?"

"தமிழ்வாணி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.