தொட்டிக்கடியில் ஒரு விரல் சந்து

கையலம்பிய ஈரம் காய்வதற்குள் பட்டறைக்குத் திரும்பிவிட்ட முனிசாமி, லாரி நின்றிருந்த இடத்தில் இரண்டு ஸ்பிரிங்குகள் கிடப்பதைப் பார்த்தான். லாரியைக் காணோம். அது தண்ணீர் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போக வேண்டிய லாரி.

அந்த ஸ்பிரிங்குகள் தரையில் கிடக்கவே கூடாது. தண்ணீர்த் தொட்டியின் முன்பக்க போல்ட்டுகளில் அவன் தன் கையால் மாட்டியவை அவை. லாரியின் அடிச்சட்டம் பேருக்குத்தான் இரும்பு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கயிற்றுக் கட்டில் மாதிரி முறுக்கிக்கொள்ளும். மேலே ஏறி உட்காரும் தொட்டியோ இம்மியும் வளையாத ஜென்மம். இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதனால் முனிசாமி பின்பக்கத்தை இறுக்கிவிட்டு, முன்பக்கம் தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் சந்து விடுவான். சட்டம் முறுக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி வழிவிடும்; தொட்டி ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான்.

இந்த வித்தையை அவன் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ஸ்டேஷன் பக்கத்துப் பட்டறைக்காரன் காதில் விழுந்தால் மறுவாரமே அவனும் தொட்டி கட்டக் கிளம்பிவிடுவான் என்று பயம். அந்த இடைவெளியைச் சாக்கு போட்டு மூடிவைப்பான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அது அப்டித்தான்." சரியான அழுத்தக்காரன்.

"ஏசுபாதம், இத்த யாரு கயட்டினது?"

பலகை இழைத்துக்கொண்டிருந்த தச்சன் ஏசுபாதம் நிமிர்ந்தான். "உம் மச்சான்தான். நீ சாப்பிடப் போனதும் கயட்டிட்டு, தேக்குல ரெண்டு ஆப்பு செத்திக் குடுன்னான். குடுத்தேன். சந்துல அடிச்சு நட்டை முறுக்கினுதான் போனான். இப்போ கிண்ணுனு கீது."

காலையில் நடந்தது முனிசாமிக்கு இப்போதுதான் புத்தியில் ஏறியது. திருவேங்கடம் என்ற பெரிய விவசாயி, ஏலத்தில் எடுத்த பட்டாளத்து லாரிக்குத் தொட்டி கட்டச் சொல்லியிருந்தார். மாசி மகத்துக்குக் கடற்கரையில் கூடும் ஜனங்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற புண்ணியம் அவருடையது. ஓட்டுவது முனிசாமியின் தங்கை புருஷன் ராஜாராம். பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியதும் தொட்டி 'டணக்' என்று ஒரு சத்தம் போட்டது. முதல் ஓட்டத்தில் அப்படி ஒரு சத்தமா? திருவேங்கடத்தின் முகம் சுண்டிப்போயிற்று. கைக்குழந்தையோடு நின்றிருந்த தங்கை கன்னியம்மா, "அபசகுனமா கீதே அண்ணா" என்றாள். "அது அப்டித்தான், யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இந்த மகானுபாவன் சாப்பிடப் போய்விட்டான்.

"கன்னியம்மா?" என்றான்.

"அதுவும் கொயந்தயத் தூக்கினு லாரிலதான் போச்சு. கடல்ல முழுவணுமாம், வேண்டுதலாம். சத்தம் நின்னாத்தான் ஏறுவேன்னு பிடிவாதம் புடிச்சுதே அதுதான்."

ஆறு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற பிள்ளை அது. முனிசாமி மேல்துண்டைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினான்.

மகத்துக் கூட்டம் பஸ்ஸில் பிதுங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்தில் இடித்துப் பிடித்து நின்றான். சாலையோரம் எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் எட்டி எட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் கூட்டமாக இருந்ததைப் பார்த்துக் கண்ணையே மூடிக்கொண்டான். அது வெறும் தர்ப்பூசணி வியாபாரம்.

"கொஞ்சம் வெரசா போ அண்ணாத்த."

"இன்னாய்யா பேஜாரு உன்னோட. பறக்கச் சொல்றியா?" என்றார் டிரைவர்.

லாரி தண்ணீர் பிடிக்கும் திருக்கழுக்குன்றத்துக் கிணற்றடியில், பஸ்ஸை விட்டு இறங்காமலே கத்திக் கேட்டான். தொட்டி நிரம்பி லாரி இப்போதுதான் கிளம்பியது என்றார்கள். ஊரைத் தாண்டியதும் தார் ரோட்டின் நடுவே ஓர் ஈரக் கோடு தெரிந்தது. முதலில் நூல் மாதிரி, போகப் போகத் தாம்புக்கயிறு பருமனுக்கு. தொட்டி மூட்டு விட ஆரம்பித்துவிட்டது. சட்டம் என்ன கதியில் இருக்கிறதோ, யார் கண்டது? மூன்று உயிரும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. "என் வாயில மண்ணு" என்று முணுமுணுத்தான்.

கோடு ரோட்டை விட்டு இறங்கிய இடத்தில் அவனும் குதித்தான். லாரி மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. பனைமரத் துண்டுகளைப் பரப்பி வழி போட்டிருந்தார்கள். ஒரு முன்சக்கரம் மேட்டில், மற்றது பள்ளத்தில்.

"நிறுத்து மச்சான், அங்கியே நிறுத்து."

ராஜாராம் நிறுத்திவிட்டுச் சிரித்தான். "பாத்தியா மச்சான், இப்போ சத்தமே இல்ல."

முனிசாமி லாரிக்கு அடியில் புகுந்தான். ஆப்புக்கு நேர் கீழே, அடிச்சட்டம் மேலிருந்து வெடித்து, அடியில் கொஞ்சூண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் கிழிந்தது. நீந்துகிற மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"எறங்குங்க. கொயந்தயக் குடு மொதல்ல."

லாரி திருகியிருந்ததால் கதவு திறக்கவில்லை. கன்னியம்மா ஜன்னல் வழியே பிள்ளையை நீட்டினாள். வாங்கி, பக்கத்தில் குடத்தோடு நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தங்கையை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தான். வளையல் நொறுங்கிக் கையைக் கிழித்தது. ராஜாராமும் அதே வழியாக விழுந்து எழுந்தான். முனிசாமி பின்னால் ஓடி, பாரம் குறையட்டும் என்று தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டான்.

திருவேங்கடம் ஓடிவந்தார். "யோவ், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? சனம் தாகத்துல நிக்குது, மண்ணுல ஊத்துற?"

யாரோ அவன் முதுகில் ஓங்கிக் குத்தினார்கள். அவன் குழாயை விடவில்லை. தொட்டி பாதிகூடக் காலியாகியிருக்காது, சட்டம் ஒரு முறை முனகிவிட்டு முறிந்தது. தொட்டியின் முன்பக்கம் நழுவி முன்னால் பாய்ந்து, டிரைவர் அறையின் முதுகைச் சப்பளித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அவர்கள் மூவரும் உட்கார்ந்திருந்த பலகை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டது.

திருவேங்கடம் தோளில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாராம் மணலில் உட்கார்ந்து அழுதான்.

கன்னியம்மா பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணன் எதிரே வந்து நின்றாள். கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆப்பு அடிக்கச் சொன்னது நாந்தான்" என்றாள். "அந்தச் சந்து இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடிக்கச் சொல்லுவனா? ஊருக்குச் சொல்லாத, சரி. எனக்குமா?"

முனிசாமி வாயைத் திறந்தான். சட்டம் முறுக்கும், தொட்டி முறுக்காது, அதனால் நடுவே ஒரு விரல் இடம் விடவேண்டும் என்று இத்தனை வருஷம் பூட்டிவைத்திருந்ததை, குடங்களோடு சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சொல்ல ஆரம்பித்தான். அவன் பாதி சொல்வதற்குள் கன்னியம்மா திரும்பிக் கடலைப் பார்த்து நடந்துவிட்டாள்.