மூன்றாம் கொக்கிச் சாவி

தொலைபேசி அடித்தபோது அது தன் வீட்டில்தான் அடிக்கிறது என்று ஹன்யூதாவுக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. மனைவி செத்த பிறகு அதில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" ஷிப்ட் மேஸ்திரி மொகி கத்தினான். "சாவி எங்க?"

கழற்றாத வேலைச் சட்டையைத் தடவினார். பையில் சாவி கிடந்தது.

ஜப்பானின் தகாசாகி ஊரில் அவர் வேலை பார்த்த கேபிள் ஆலையில், கேபிளின் மேல்தோல் சூட்டில் உருகாமலிருக்க அதை உருளைகள்மேல் எலக்ட்ரான் கற்றைக்கு அடியில் ஓடவிடுவார்கள். கற்றை பாயும் காங்கிரீட் அறைக்குள் போகிறவன் கொக்கியிலிருந்து தன் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வந்து தொங்காதவரை ஆள் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. இயந்திரம் கிளம்பாது.

"உருளைக்கு அடியில எல்லாம் தேடிட்டோம்ணே. எங்கயாவது மயங்கிக் கிடக்கீங்களோன்னு உங்க பேரைச் சொல்லிக் கத்தி சுனாகாவுக்குத் தொண்டையே போச்சு."

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆலைக்கு விரைந்தார். மொத்தப் பேரும் வாசலில் நின்றார்கள்.

"ஏன் பெரிசு, இந்த வயசுல கண்ணாமூச்சியா?" என்றான் இயந்திரம் ஓட்டும் சுனாகா, கரகரத்த குரலில்.

"சிரிக்காதடா," என்றான் மொகி. "அண்ணே, இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உங்களை நிறுத்திருவாங்க. என்னால தடுக்க முடியாது."

ஹன்யூதா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். உள்ளுக்குள் வேறொன்று ஓடியது. இத்தனை பேர் தன் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். சாவி கொக்கிக்குப் போனதும் இயந்திரம் உறுமியது. அவனவன் வேலைக்குத் திரும்பினான். அவர் நின்றது யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த சனிக்கிழமை உருளையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். மூக்கில் கற்றை விட்டுப்போன ஓசோன் நெடி. சுனாகா முதுகைக் காட்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவருடைய மூன்றாம் கொக்கி காலி. சாவி பையில்.

சைக்கிள் நிறுத்தம்வரை நடந்துவிட்டார். அகாகி மலைக் காற்று முகத்தில் அறைந்தது. வீட்டில் ஒற்றை ஆளுக்கு வாங்கிய உருளைக்கிழங்கு வடை, மறுநாள் பூராவும் ஞாயிறு. இப்படியே போனால் தொலைபேசி அடிக்கும். "உயிரோட இருக்கீங்களா" என்பார்கள். திங்கட்கிழமையிலிருந்து போக இந்த இடமும் இருக்காது.

சைக்கிள் பூட்டைத் திறக்காமல் திரும்பி நடந்தார். சாவியை மாட்டினார். ஆலை வழக்கப்படி அதை விரலால் சுட்டி, உரக்கச் சொன்னார்:

"ஹன்யூதா, வெளிய வந்தாச்சு!"

"ம்," என்றான் சுனாகா, திரும்பாமல்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கேபிள் ஓடத் தொடங்கியது.