பை சோதனை

பள்ளியில் ஆரோக்கிய வாரம் என்று அறிவித்த நாளிலிருந்து விளையாட்டு ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. காலை மணி அடித்ததும் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பையாகத் துழாவுவார். இனிப்பாக எது கையில் சிக்கினாலும் அவருடைய மேசை இழுப்பறைக்குள் போய்விடும். சாவி அவர் இடுப்பில்.

முதல் நாளே அணில் மாட்டிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பையில் மூன்று சின்னப் பழச்சாறு டப்பாக்கள் இருந்தன. அவளுக்கு ஆறு வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. சர்க்கரை சட்டென்று இறங்கினால் உடனே குடிக்க வேண்டுமென்று அம்மா வைத்தனுப்பியவை அவை.

"சர்க்கரை வியாதிய வச்சுக்கிட்டு ஜூஸா? உனக்குத்தாம்மா முதல் தடை!"

"இறங்கிட்டா இதான் சார் மருந்து. அம்மா லெட்டர் குடுத்திருக்காங்க."

"என்கிட்டயே கதை விடுறியா? இன்னொரு டப்பாவ உன் பையில பார்த்தேன், தொடர் ஓட்டத்துல உன் பேர அடிச்சிடுவேன்."

அந்தக் கடிதம் அலுவலகக் கோப்பு ஒன்றில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று அணிலுடையது. அதற்காக மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தாள். அதற்காக டப்பா இல்லாமல் இருக்கவும் முடியாது, அது உயிர் சமாச்சாரம். தோழி நெட்டையும் அவளும் மண்டையைக் குடைந்து யோசித்தார்கள். பூந்தொட்டி, தண்ணீர்த் தொட்டி, கரும்பலகையின் பின்புறம் என்று மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் சோதிக்காத இடம் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே அங்கே ஒரு டப்பா போய்ச் சேர்ந்தது.

போட்டி நாளில், ஓட்டத்துக்குச் சற்று முன்னால், அணிலுக்குக் கை நடுங்கியது. குப்பென்று வியர்த்தது. விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை பார்க்கும் கருவி ஐம்பத்தெட்டு காட்டியது.

"சார், இறங்கிடுச்சு சார்."

அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் ஆசிரியர் இடுப்பிலிருந்த சாவியை உருவினார். அறைக்கு ஓடினார். பின்னாலேயே நெட்டையும் ஓடினாள். இழுப்பறையைத் திறந்தால் மூன்று டப்பாக்களும் இருந்தன. மூன்றிலும் உறிஞ்சுகுழல் குத்தியிருந்தது.

"மூணையுமா சார்?" என்றாள் நெட்டை.

"வெயில்ல... தொண்டை வறண்டுச்சும்மா..."

வெறுங்கையோடு திரும்பி வந்தவரைப் பார்த்ததும் அணிலுக்கு அழுகை முட்டியது. இப்போது வாயைத் திறந்தால் ஓட்டம் போச்சு. திறக்காவிட்டால் ஆளே போச்சு.

"நெட்ட, போய் எடுடி."

நெட்டை நேராக ஆசிரியருடைய தோள்பையின் ஜிப்பைத் திறந்து, வியர்வைத் துண்டுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் வாய் பிளந்தபடி நின்றார்.

அணில் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். ஆசிரியர் விசில் ஊதுபவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார். கால் மணி நேரம் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி குத்திப் பார்த்தபோது நூற்றுப் பத்து.

"என் பேர அடிச்சிட்டீங்களா சார்?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டப்பா உன் பையிலயா இருந்துச்சு? என் பையிலதான இருந்துச்சு. அடிச்சா என் பேரத்தான் அடிக்கணும். போ, ஓடு!"

ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த குழந்தையின் அப்பாவைவிட அதிகமாகக் குதித்தவர் விளையாட்டு ஆசிரியர்தான்.

பை சோதனை இன்றும் தொடர்கிறது. தினமும் காலையில் அவர் தன் தோள்பையை அணிலின் முன்னால் திறந்து காட்ட வேண்டும்.

"ரெண்டு டப்பா வச்சேனே சார். ஒண்ணுதான் இருக்கு?"

ஆசிரியர் விட்டத்தைப் பார்த்தார்.