நாற்காலியில் ஒரு ஸ்வெட்டர்

அரசாங்க அலுவலகத்தில் ஆள் இருக்கிறார் என்று காட்ட ஆளே இருக்க வேண்டியதில்லை. நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கினால் போதும். அதற்குரியவர் காபி குடிக்கப் போயிருக்கலாம், மீட்டிங்கில் இருக்கலாம், மேட்னி ஷோவில்கூட இருக்கலாம். ஸ்வெட்டர் தொங்கும்வரை அவர் சீட்டில்தான் இருக்கிறார். குடிநீர் வாரியத்தில் இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனாலோ என்னவோ, எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

அங்கே புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு ஸ்வெட்டர் மேடம் என்றே பெயர். ஏசி காற்று நேராக அவள் உச்சந்தலையில் இறங்கும். அதனால் வருஷம் முழுக்க மெரூன் ஸ்வெட்டரும் தும்மலுமாக இருப்பாள். பொதுக்கொள்கையும் நிர்வாகமும் மேற்படிப்பாகப் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகையோடு இடம் கொடுத்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பயம்தான் வந்தது. படிப்பு விடுப்பு கிடைத்துவிடும். திரும்பி வரும்போது சீட் கிடைக்குமா? பக்கத்துப் பிரிவுக்காரர் அந்த ஜன்னலோர இடத்தின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தார்.

"கவலைய விடுங்க மேடம்," என்றார் ஹெட் கிளார்க். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷர். "ஸ்வெட்டர மட்டும் விட்டுட்டுப் போங்க. யார் கேட்டாலும், மேடம் இப்பதான் வெளிய போனாங்கன்னு சொல்லிக்கறேன். படிப்பு முடியற வரைக்கும் சொல்லுவேன்."

பிரிவே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த யோசனையை வீட்டுக்கும் கொண்டுபோனாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போதுதான். நாலு வயது மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் தூங்க மாட்டாள். 'அம்மாவுக்கு ஆபீஸ்ல நிறைய வேலை. நீ தூங்கினதும் வர்றா, நீ எழறதுக்குள்ள போயிடறா' என்று கணவர் சொல்வதாக ஏற்பாடு. சாட்சிக்கு அவளுடைய வீட்டுச் செருப்பு. அதைக் கணவர் தினமும் இடம் மாற்றி வைப்பார். குரல் கேட்டால் குழந்தை ஏங்கிப்போவாள் என்று, அவள் விளையாடப் போன நேரம் பார்த்துத்தான் போன் பேசினார்கள்.

புது ஊர் குளிர்ந்தது. முதல் வகுப்பில் பேராசிரியர் சொன்னார்: "ஒரு நாற்காலி காலியானது மக்களுக்குத் தெரியக் கூடாது. அதுதான் நல்ல நிர்வாகம். ஆள் வருவார், போவார். பதவி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்." அவள் தன் கட்டுரையில் ஸ்வெட்டர் கதையை எழுதினாள். பேராசிரியர் அதை வகுப்பில் வாசிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். அன்று விடுதி அறைக்கு நடந்து போகையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஹெட் கிளார்க் பேசினார். "டைரக்டர் உங்களக் கேட்டார் மேடம். இப்பதான் வெளிய போனாங்கன்னேன். ஆமா, வராந்தால பார்த்தேன்னுட்டுப் போறார்."

"அவருக்குக் கண்ணாடி மாத்தணும் சார்," என்று சிரித்தாள்.

அடுத்த முறை அவர் குரலில் நிம்மதி இருந்தது. தேங்கிக் கிடந்த புகார்களெல்லாம் முடிந்துவிட்டனவாம். பக்கத்துப் பிரிவுக்காரர் இப்போது அந்த ஜன்னல் பக்கமே வருவதில்லையாம். யார் முடித்தது என்று கேட்டாள். "என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க," என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் நல்ல செய்திதான். "குட்டி இப்ப அழறதே இல்ல," என்றார் கணவர். "அம்மா கழுத்தக் கட்டிக்கிட்டுத் தூங்கினேங்கறா. குழந்தைக்கு என்ன கற்பனை பாரு."

நியாயமாக அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நெஞ்சில் முள் தைத்த மாதிரிதான் இருந்தது. நான் இல்லாமல் என் பிள்ளை எப்படி அழாமல் இருக்கலாம் என்று கோபம்கூட வந்தது. தானே கேட்டு வாங்கிய வரம், யாரை நோவது? அடுத்த வாரம் பேசும்போது கணவர் பாதியில், "நீதானே காலைல சொன்னே?" என்றார்.

"நான் காலைல எங்கங்க பேசினேன்?"

"போன்ல இல்ல," என்று ஆரம்பித்தவர், தனக்கே புரியாதவர்போலப் போனை வைத்துவிட்டார்.

உடனே ஆபீசுக்குப் போன் போட்டாள். அங்கே மாலை, வீட்டுக்குக் கிளம்பும் நேரம். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ தும்மினார்கள்.

"சார், எனக்கு ஒரு உதவி. அந்த ஸ்வெட்டர எடுத்து பீரோல வச்சுப் பூட்டிடுங்க. சீட் போனாப் போகட்டும்."

"எப்படி எடுக்கறது மேடம்?" ஹெட் கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "நீங்க அதப் போட்டுக்கிட்டு இருக்கீங்களே."

அவள் குனிந்து தன் உடம்பைப் பார்த்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் அவர், மேலதிகாரியிடம் பேசும் அதே மரியாதையோடு. "இங்க உக்காந்துக்கிட்டே எதுக்கு மேடம் எனக்குப் போன் பண்றீங்க? அதோ, கிளம்பிட்டீங்க. வீட்டுக்குத்தானே?"

வீட்டுக்கு. ஆபீசிலிருந்து வீடு ஒரு பஸ் தூரம். அவள் இருந்த இடத்திலிருந்து விமானம் ஏறி, மாறி, மறுபடி ஏற வேண்டும். சீட்டுக்காகப் பயந்த பயமெல்லாம் இப்போது வேடிக்கையாகத் தோன்றியது. சீட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். கணவருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்ததில் அரை மணி ஓடிவிட்டது. எடுத்ததும் முதல் வேலையாக அந்தச் செருப்பைத் தூக்கித் தெருவில் எறியச் சொல்ல வேண்டும். பிறகு குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், எவ்வளவு அழுதாலும் சரி.

எடுத்தது மகள்.

இத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரல். இன்னும் மழலை போகவில்லை.

"குட்டி, அம்மா பேசறேன்டா. அம்மா தூரத்துல இருக்கேன். சீக்கிரம் வந்துடறேன். அப்பா எங்க?"

குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் கதவு திறந்தது. செருப்பு தரையில் தேய்த்து நடந்து வந்தது. பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மா," என்றாள் மகள். போனிடம் சொல்லவில்லை. "இதுல யாரோ ஒரு ஆன்ட்டி, உன்ன மாதிரியே பேசறாங்க. அம்மா அம்மாங்கறாங்க, உன்னத்தான் கேக்கறாங்க போல."

ஒரு தும்மல். பிறகு, அவளுடைய சொந்தக் குரல், களைத்தும் கனிவாகவும்:

"இப்பதான் வெளிய போனாங்கன்னு சொல்லிடும்மா."

குழந்தை சொன்னபடி கேட்கிற குழந்தை. "அம்மா இப்பதான் வெளிய போனாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.